ஆறு குப்பிகளுக்காக ஓசூரில் ஐந்து நாள்

வாய் சும்மா இருந்திருந்தால் இந்தப் பயணம் நடந்திருக்காது.

ஜெர்மனியில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருக்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு வாராந்தரக் கூட்டம். எங்களுக்கு ஆறு சிறிய குப்பிகள் தேவைப்பட்டன. கட்டைவிரல் உயரம், திருகு மூடி, பீக் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் கடைந்தெடுத்தவை. அங்குள்ள பணிமனைக்காரர் நாட்காட்டியைப் புரட்டிவிட்டு மூன்று மாதம் ஆகும் என்றார். கதிர்க்கருவி எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததோ இரண்டு வாரம் கழித்து, ஒரே ஒரு பகல். அதை விட்டால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "எங்கள் ஓசூரில் நாலு நாளில் செய்து கொடுத்துவிடுவார்கள்."

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் போய்ச் செய்து வாங்கிக்கொண்டு வா."

'எங்கள் ஓசூர்' என்றதில் பாதி புளுகு. நான் ஊத்தங்கரைப் பக்கம். ஓசூர் எனக்குப் பேருந்தின் நெற்றியில் எழுதிய ஊர். சொந்தக்காரப் பையன்கள் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சேரும் ஊர். ஆனால் வார்த்தையை விட்டாயிற்று.

குப்பி எதற்கு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பட்ட பாடு புரியாது. புற்றுநோய்க்குக் கதிர் வைத்துச் சிகிச்சை செய்கிறார்கள் அல்லவா? அந்தக் கதிர் உடம்புக்குள் போனதும் பெரும்பாலும் மோதுவது தண்ணீரில்தான். உடம்பில் பெரும்பகுதி அதுதானே. மோதியதும் தண்ணீர் உடைந்து சில துண்டுகள் பிறக்கின்றன. மிகமிகக் குறைந்த ஆயுள், எதைத் தொட்டாலும் கடிக்கும் சுபாவம். கட்டியையும் கடிக்கும், பக்கத்திலிருக்கும் நல்ல சதையையும் கடிக்கும். வழக்கமாகக் கதிரை நிதானமாகச் சில நிமிடங்கள் கொடுப்பார்கள். அதே அளவை ஒரு நொடியில் சிறு பங்குக்குள் மொத்தமாகக் கொட்டினால், விலங்குகளில் பார்த்தவரை, கட்டிக்கு அதே அடி விழுகிறது, நல்ல சதைக்கு அடி குறைகிறது. ஏன் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் ஆளில்லை. சந்தேகப் பட்டியலில் தண்ணீரும் இருக்கிறது.

புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே ஹைட்ரஜன் பெராக்சைடு, அந்தத் துண்டுகளில் இரண்டு சேர்ந்தால் அதுதான். வேகமாகக் கொட்டினால் துண்டுகள் நெருக்கியடித்து நிற்கும், ஆகவே பெராக்சைடு அதிகமாக வேண்டும் என்கிறது கணக்கு. அளந்து பார்த்த பலருக்கோ குறைவாக வருகிறது. கணக்கில் கோளாறா, அளந்ததில் கோளாறா? அதைப் பார்க்கத்தான் ஆறு குப்பி: மூன்று மெதுவான கதிருக்கு, மூன்று வேகமான கதிருக்கு. உள்ளே சுத்தத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை வீட்டு வாசலில் இறங்கினேன். அம்மா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். இரண்டு வருடமாக வெண்ணெய் தடவிய ரொட்டி தின்ற வாய்க்கு அந்தக் குழம்பு ஒரு அறை விட்ட மாதிரி இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டாள், நானும் திருத்தவில்லை. அப்பா மாங்கூழ்க் கம்பெனியில் லோடு இறக்கப் போகிற அவசரத்தில் இருந்தார். இது மாங்காய் சீசன்.

"தண்ணிக்கா இவ்ளோ தூரம் வந்த?" என்றார்.

"தண்ணிய ஊத்தற டப்பாவுக்கு, நைனா."

"நம்ம ஊட்ல இருக்கற சொம்பு ஒத்துவராதா?"

"ஒத்துவராது."

"படிச்சா சொம்புகூட ஒத்துவராமப் போயிடுதுடா" என்று சிரித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் இன்றும் கட்டைவிரலை நீட்டுகிறவர். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்ததா, கிண்டல் இருந்ததா என்று களி தீரும்வரை யோசித்தேன். இரண்டும்தான் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரியில் வண்டி மாறினேன். ஜெர்மனியில் பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு பலகை எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்லும். இங்கே அந்த வேலையை நாலு பேர் செய்கிறார்கள், நாலு விதமாகச் சொல்கிறார்கள், நாலு பேரும் அக்கறையோடு சொல்கிறார்கள். அதில் ஒருவர் சொன்ன வண்டியில் ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு. கழுத்தின் இரண்டு பக்கமும் ஊதா மையில் கோடு, குறுக்குக் கோடு. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது: கதிர் எங்கே விழ வேண்டும் என்று போடும் குறி. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"முப்பது வருசமா நான் மாட்டுக்கு மார்க் போட்டேன். இப்ப எனக்குப் போட்டுட்டாங்க" என்றார். "தெனமும் பெங்களூர் போயி வரேன். தேச்சிக் குளிக்கக் கூடாதாம், கோடு அழிஞ்சிடுமாம். ஊட்ல பக்கத்துல வர மாட்டேங்கறா."

தொண்டைக்குள் எரிகிறது, காரம் இறங்கவில்லை என்றார். தூக்கில் மோர் விட்ட கேழ்வரகுக் கஞ்சி வைத்திருந்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். தரகர்கள் நன்றாகக் கேட்பார்கள்.

"அப்ப கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்?"

"கதிர் விழற நேரம் அவ்வளவுதாங்க."

"அதுக்கு இம்மாந்தூரம் பஸ்ல போயி, கண்ண ஒரு தபா மூடித் தொறந்துட்டுத் திரும்பி வரணுமா?" குலுங்கிச் சிரித்தார், சிரித்தது தொண்டையை இழுத்திருக்க வேண்டும், கையால் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "எரிச்சல் கொறையுமா?"

"கொறையலாம்னு பாக்கறாங்க. இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரல. உங்களுக்கு இப்ப குடுக்கறதுதான் சரியான வைத்தியம், பாதியில விட்டுடாதீங்க."

"உடமாட்டேன். பாதி வியாவாரம் நமக்குப் பிடிக்காது." கஞ்சித் தூக்கை மூடினார். "சீக்கிரம் பாரு, தம்பி. எனக்கில்லன்னாலும் எனக்கு அடுத்து கோடு போட்டுக்கறவனுக்கு ஆவும்."

இந்தப் பேச்சில் ஓசூர் போய்விட்டது. போய்விட்டது என்றால் கீழே போய்விட்டது. வண்டி மேம்பாலத்தில் ஏறிப் பறந்துகொண்டிருந்தது. எழுந்து கத்தினேன். கண்டக்டர் திரும்பவே இல்லை. "கிஸ்ணகிரிலயே சொன்னனே, டவுனுக்குள்ள போவாதுன்னு. எல்லாரும் கேட்டாங்க, நீ மட்டும் கத கேட்டுனு இருந்த." அத்திப்பள்ளியில் இறக்கிவிட்டார். அதாவது கர்நாடகத்தில். ஜெர்மனியிலிருந்து ஓசூருக்குக் கிளம்பியவன் ஒரு மாநிலம் தாண்டிப் போய் நின்றேன்.

ஷேர் ஆட்டோ ஓட்டுநர் கன்னடத்தில் கூப்பிட்டு, தெலுங்கில் இடம் ஒதுக்கி, தமிழில் "காலு மடக்கு" என்றார். முழங்காலைத் தாடையில் வைத்துக்கொண்டு மாநில எல்லையைத் திரும்பக் கடந்தேன். யாரும் கடவுச்சீட்டு கேட்கவில்லை.

பட்டறை தொழிற்பேட்டையின் பின்பக்கச் சந்தில். மஞ்சுளா அக்கா நடத்துகிறார். நாற்பது வயதிருக்கும், கணினியில் ஓடும் கடைசல் இயந்திரங்கள் மூன்று, ஆட்கள் ஏழு பேர். வண்டிக் கம்பெனிகளுக்குச் சிறு பாகங்கள், கொஞ்சம் ஏற்றுமதி. என் சித்தப்பா மகன் ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்தவன், அந்த அறிமுகம். அக்கா என் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு அளவின் மேலும் பேனா முனையை வைத்து வைத்துப் படித்தார். வரைபடத்தை இப்படிப் படித்து நான் ஜெர்மனியிலும் பார்த்ததில்லை.

"மூடி திருகற மரை ரொம்ப நைசா கேட்டிருக்க. பிளாஸ்டிக்ல கஷ்டம்."

"முடியாதாக்கா?"

"கஷ்டம்னுதான் சொன்னேன்." நான் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்திருந்த பீக் கட்டையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "வெள்ளிக்கெழம சாயந்தரம் வா, தம்பி."

நான் கிளம்பும்போது, அக்கறையாகத்தான், சொன்னேன்: "வெளிநாட்டுக்குப் போறதுக்கா. கொஞ்சம் பத்திரமா பேக் பண்ணச் சொல்லுங்க."

"அத நீ சொல்லணுமா? எக்ஸ்போர்ட்டு பண்ணற எடம் இது" என்றார். பேக் பண்ணுவதைப் பற்றி நான் வாயைத் திறக்காமலே கிளம்பியிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தேன்.

சித்தப்பா மகன் அறையில் தங்கினேன். ஏழு பேர், மூன்று ஷிப்டு, நாலு பாய். திருநெல்வேலிக்காரர் ஒருவர், திருவாரூர்க்காரர் ஒருவர், மதுரை ஒருவர். ஒவ்வொருவரும் மற்றவரின் தமிழைக் கிண்டல் செய்தபடி, மூவரும் சேர்ந்து எங்கள் தமிழைக் கிண்டல் செய்தார்கள். காலையில் தட்டு இட்லி. தட்டு அளவே இருக்கும் ஒற்றை இட்லி. இதை மட்டும் ஜெர்மானியர்கள் கண்டால் அளவெடுத்துத் தரச்சான்று கொடுத்துவிடுவார்கள்.

புதன்கிழமை இயந்திரங்களில் வேறு வேலை ஓடியது. வியாழக்கிழமை பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். குப்பியைக் கடைந்தவன் பசவராஜ், என் வயதுதான், ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரன். என்னை முதல் நிமிடத்திலிருந்து "குரு" என்றுதான் கூப்பிட்டான். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறான். இயந்திரத்துக்கு ஊற்றும் குளிர்விப்பு நீரை நிறுத்திவிட்டு, வெறும் காற்றை ஊதியே கடைந்தான். அதை மட்டும் வரைபடத்தில் நான் எழுதியிருந்தேன். பழுப்பு நிறச் சுருள்கள் காலடியில் குவிந்தன.

தேநீர் நேரத்தில், "எதுக்கு குரு இது?" என்றான். வாசலில் பக்கத்துக் கம்பெனி ஷிப்டு விடும் நேரம். எனக்கு உவமை தயாராகக் கிடைத்தது.

"அங்க பாரு. ஒவ்வொருத்தரா வெளிய வந்தா என்ன பண்ணுவாங்க? நேரா போயி கடை, பஸ்சு, வீடுன்னு தூரமா பரவிடுவாங்க. சங்கு ஊதி மொத்தமா விட்டா? கேட்டுலயே ஒருத்தர ஒருத்தர் முட்டிக்கிட்டு நிப்பாங்க. ரோட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதிப் பேரு அங்கயே ஜோடி சேந்து பேச உக்காந்துடுவாங்க. தண்ணித் துண்டும் அப்படித்தான்."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஜோடி சேந்தா அந்த பெராக்சைடு. அப்ப கூடத்தான வரணும்?"

"கணக்கும் அதேதான் சொல்லுது."

"ஏன் கொறையுது?"

"கூட்டத்துல வேற துண்டுங்களும் இருக்கு. அது பெராக்சைடயே உடைக்குதோ என்னவோ. தெரியல."

"ஜெர்மனி வரைக்கும் போயி 'தெரியல'ன்னு படிக்கறியா, குரு?" என்றான். எங்கள் துறையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அன்று மாலைக்குள் நாலு குப்பி முடிந்தது. மூடி திருகும்போது பட்டுப் போல இறங்கியது. நான் மகிழ்ச்சியில் பேராசிரியருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நாலு நாள்" என்று கீழே எழுதினேன், வெட்கமில்லாமல்.

வெள்ளிக்கிழமை மதியமே போனேன். பெட்டி தயாராக இருந்தது. உள்ளே பழுப்புக் காகிதத்தில் ஆறு பொட்டலம். ஒன்றைப் பிரித்தேன். விரல் வழுக்கியது. குப்பி முழுக்க மஞ்சள் எண்ணெய். மூடியைத் திருகித் திறந்தால் உள்ளேயும். கவிழ்த்தேன், நிதானமாக ஒரு சொட்டு திரண்டு விழுந்தது.

"யாரு எண்ணெய் போட்டது?" நான் கத்தியது இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கிறது.

பேக்கிங் மேசையிலிருந்து லட்சுமம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தெலுங்குக்காரர், பிள்ளைகளையும் நைனா என்றே கூப்பிடுகிறவர், பட்டறை தொடங்கிய நாளிலிருந்து பேக்கிங் அவர் கையில். "நான்தான் நைனா. வெளிநாட்டுக்குன்னு மேடம் சொன்னாங்க. ரெண்டு தடவ முக்கி எடுத்தேன். உள்ளயும் நல்லா உட்டிருக்கேன், பயப்படாத."

அது துரு எண்ணெய். இரும்புச் சாமான் துருப்பிடிக்காமலிருக்கப் பூசுவது. பிளாஸ்டிக்குக்குத் துரு எண்ணெய்! அந்த எண்ணெய் தண்ணீரில் தூசியளவு கலந்தாலும் போதும். தண்ணீர்த் துண்டுகள் ஒன்றையொன்று சந்திப்பதற்குள் எண்ணெய் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து தன் பங்குக்குப் பெராக்சைடை உண்டாக்கும். மெதுவான கதிருக்கும் வேகமான கதிருக்கும் இருக்கும் சின்ன வித்தியாசம் அதில் மூழ்கிப் போகும். நான் அளப்பது தண்ணீரையாக இருக்காது, ஓசூர்த் துரு எண்ணெயையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமை கதிர்.

"துருவே புடிக்காத சாமானுக்கு எண்ணெய் எதுக்கும்மா?" என்றேன்.

மஞ்சுளா அக்கா அலுவலக அறையிலிருந்து வந்தார். என் வரைபடத்தைக் கொண்டுவந்து லட்சுமம்மா மேசையில் விரித்தார்.

"இதுல எண்ணெய் வேணாம்னு எங்க எழுதியிருக்க, காட்டு."

பார்த்தேன். அளவுகள் இருந்தன. மரை இருந்தது. காற்றால் கடைய வேண்டும் என்று இருந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் பணிமனைக்காரருக்கு நாங்கள் தண்ணீர் ஆட்கள் என்று தெரியும், எழுத வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் விட்டிருக்கிறேன்.

"மூணு வருசம் முன்ன கப்பல்ல போன சரக்கு மொத்தமும் துருப்புடிச்சித் திரும்பி வந்துச்சு, தம்பி" என்றார் அக்கா. "அன்னைலருந்து ஒரே ரூல்தான். கேட்ட தாண்டற எந்தச் சாமானும் எண்ணெய் இல்லாமப் போவக் கூடாது. வெளிநாடுன்னா ரெண்டு முக்கு. லட்சுமம்மா ரூல் படி செஞ்சாங்க. அவங்கள ஏன் கத்தற?"

கத்தியிருக்கக் கூடாதுதான். "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். லட்சுமம்மா குப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பசவராஜ் உதவிக்கு வந்தான். "டென்ஷன் வேணாம் குரு. மண்ணெண்ணெய்ல போட்டா ஒரே நிமிசம், பளபளன்னு போயிடும்."

"ஐயோ" என்று நானும் அக்காவும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவருக்கு அதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது.

லட்சுமம்மா எழுந்தார். "நான் வெச்ச எண்ணெய் நானே எடுக்கறேன்." தேநீர் அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு நீர், கடையிலிருந்து வாங்கி வந்த குழந்தைப் பல் பிரஷ்கள் இரண்டு. மரையின் ஒவ்வொரு வளையத்திலும் பிரஷை விட்டுத் தேய்த்தார், அலசினார், மறுபடி தேய்த்தார். எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பட்டறையில் எல்லோரும் ஆளுக்கொரு முறை வந்து முகர்ந்து பார்த்து, வாசனை இல்லை என்று சான்று கொடுத்தார்கள். ஆனால் மூக்குக்குத் தெரியாததுதானே எனக்குப் பயம்.

அப்போதுதான் ரேவதி நினைவு வந்தது. கல்லூரியில் என்னோடு வேதியியல் படித்தவள், இப்போது சூளகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். தொலைபேசியில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு அரை நிமிடம் சிரித்தாள். "நாளைக்கு வாடா. லீவு, லேப் காலி. ஹெச்ஓடிகிட்ட கேட்டு வெக்கறேன்."

சனிக்கிழமை டவுன் பஸ்ஸில், கொத்தமல்லிக் கட்டு மூட்டைகளுக்கு நடுவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ரேவதி வாசலிலேயே நின்றிருந்தாள். "ஸ்பிரிட்டு கிரிட்டு விட்டுக் கழுவினியா?"

"இல்ல, இங்க வந்து செய்யலாம்னு..."

"நல்லவேள. ஸ்பிரிட்டு மிச்சம் இருந்தா அதுவே உன் துண்டையெல்லாம் தின்னுடும். நம்ம டெஸ்டையும் கெடுத்துடும்."

சோதனை எளிமையானது. குப்பியில் சூடான சுத்தத் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அதைச் சோதனைக் குழாயில் கவிழ்த்து, கொஞ்சம் அமிலம் விட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒரு சொட்டு விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். எண்ணெயோ சோப்போ இருந்தால் இளஞ்சிவப்பு மறைந்துவிடும். இல்லாவிட்டால் நிற்கும்.

முதலில் வெறும் தண்ணீரைச் சோதிப்போம் என்று ஆய்வகத்தின் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு விட்டாள். கொதித்தது. நிறம் போயே போய்விட்டது. இருவரும் அந்தக் குழாயையே பார்த்தோம்.

"உங்க தண்ணியே ஃபெயிலு" என்றேன்.

"ரப்பர் டியூப் பழசாயிடுச்சி போல. யார்கிட்டயும் சொல்லாத."

சுத்தத் தண்ணீருக்கு எங்கே போவது? யோசித்து அவள்தான் சொன்னாள்: ஊசி மருந்து கலக்கும் தண்ணீர். அவள் ஸ்கூட்டரில் சூளகிரி மருந்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இருந்த பாட்டில்களையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன பேருக்கு ஊசி?"

"டப்பாவுக்குங்க" என்றேன்.

"மாட்டு டாக்டரா?"

"ஆமாங்க" என்றாள் ரேவதி, விளக்கம் சொல்ல நேரமில்லாமல்.

அந்தத் தண்ணீரில் நிறம் நின்றது. ரேவதி இன்னொரு காரியமும் செய்தாள். பொட்டலக் காகிதத்தில் மிச்சமிருந்த துரு எண்ணெயில் ஊசி முனையளவு தொட்டு ஒரு குழாயில் கலக்கினாள். "எல்லா எண்ணெயும் இந்த டெஸ்ட்ல மாட்டாது. இது மாட்டுதான்னு மொதல்ல பாக்கணும்." மாட்டியது. நிறம் வெளிறிப் பழுப்பாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. எனக்கு இது தோன்றவே இல்லை. சோதனையையே சோதிக்க வேண்டும் என்பதை வெளிநாட்டில் படிக்கும் நான் மறந்தேன், இவள் மறக்கவில்லை.

குப்பிகளை அந்தத் தண்ணீரில் அலசி, நிரப்பி, ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவள் கொண்டுவந்த புளிச்சோற்றைப் பாதியாகப் பிரித்தாள். "கேக்கறேன்னு நெனைக்காத. ஒரு பகல் கருவி போனா என்னடா ஆயிடும்?"

"ஒரு வருசம் போயிடும். அதவிட, நாலு நாள்ல செய்வாங்கன்னு நான்தான் சொன்னேன். இப்ப எண்ணெயோட போனா, அங்க இருக்கறவங்க ஓசூரப் பத்தி என்ன நெனைப்பாங்க? தப்பு ஓசூர் மேல இல்லயே."

அவள் அப்பளத்தை முழுசாக என் பக்கம் நகர்த்தினாள்.

ஆறு குழாய்களையும் வெந்நீரில் நிறுத்தினோம். ஒன்று, இரண்டு, மூன்று: சிவப்பு நின்றது. ஐந்து, ஆறு: நின்றது. நான்காவது மட்டும் மெல்ல மெல்ல வெளுத்தது. மூன்றுக்கு மூன்று வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒப்பிட முடியாது. நான்காவது மூடியை ரேவதி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். மரையின் கடைசி வளையத்தில், பிரஷ் எட்டாத மூலையில், சோப்பா எண்ணெயா என்று தெரியாத ஒரு மங்கல் கோடு. புது நைலான் நூலை அந்த வளையத்தில் சுற்றி இழுத்து இழுத்துத் தேய்த்தோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. கடைசி பாட்டில் தண்ணீரில் அலசி, மறுபடி ஒரு மணி நேரம், மறுபடி அமிலம், மறுபடி ஒரு சொட்டு.

இந்த முறை நின்றது. பத்து நிமிடம் கொதித்த பின்னும் நின்றது. ஆறிய பின்னும் நின்றது. ரேவதி குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள், ரோஜாத் தோட்டக்காரர் பூவைப் பார்க்கிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை, ஜெர்மனி. விளக்கத்தில் நேரம் கடத்தாமல் நடந்ததைச் சொல்கிறேன். மெதுவான கதிரின் கீழே மூன்று குப்பிகள் நிமிடக்கணக்கில் நின்றன. வேகமான கதிருக்கு மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்தோம். கருவி ஒரு 'டிக்' சத்தம் போடுவதற்குள் முடிந்துவிடும். பெராக்சைடை அளந்ததும் முதலில் நான் பார்த்தது வித்தியாசத்தை அல்ல. மெதுவான கதிர் வாங்கிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா, ஆய்வுக்கூடத்தில் ஒன்றே ஒன்று இருக்கும் பழைய கண்ணாடிக் குழாயில் எப்போதும் வரும் அளவோடு ஒத்துப்போகிறதா என்பதை. ஒத்துப்போனது. எண்ணெய் இல்லை. அதன் பிறகுதான் மூச்சு விட்டேன். வேகமான மூன்றிலும் பெராக்சைடு குறைவாகத்தான் இருந்தது, மற்றவர்கள் கண்ட மாதிரியே. கணக்குதான் எதையோ விட்டிருக்கிறது போல.

பேராசிரியர் கைகுலுக்கவில்லை. "மூன்று போதாது. ஆக்சிஜனை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். இன்னும் பன்னிரண்டு குப்பி வேண்டும். நாலு நாள்தானே?" என்றார்.

"ஐந்து நாள்" என்றேன். "ஒரு நாள் என் தப்பால் போனது." எண்ணெய்க் கதையை முழுதும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, வரைபடம் எங்கே என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பட்டறைக்குப் பேசினேன். மஞ்சுளா அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசையில் வைத்தார்.

"நம்ம டப்பா ஜெயிச்சுதா, குரு?"

"ஜெயிச்சுது. ஆறும் பொய் சொல்லல."

"ஏன் கொறையுதுன்னு?"

"தெரியல."

"பாத்தியா!" என்றான் பசவராஜ், யாரிடமோ பந்தயம் வைத்தவன் போல.

பிறகு லட்சுமம்மா குரல். குப்பி தேய்க்கும்போது மாட்டுத் தரகர் கதையை அவரிடம் சொல்லியிருந்தேன், கதிர் வைப்பதை அவர் கரண்டு வைப்பது என்பார். "நைனா, அந்த கரண்டு வெச்சிக்கறவங்களுக்கு எரிச்சல் கொறையுமா இதனால?"

குறையும் என்று சொல்ல ஆசைதான். "இன்னும் தெரியாதும்மா. ஆனா தேடற எடம் சுத்தமா இருக்கு. நீங்க தேச்சிக் குடுத்ததாலதான்."

"அப்ப சரி. அடுத்ததுக்கு எண்ணெயத் தொடவே மாட்டேன்."

"தொடுவாங்க, தம்பி" என்றார் அக்கா உடனே. "வரைபடத்துல இல்லன்னா தொடுவாங்க. தொடணும். நாளைக்கு நான் இல்லாதப்ப வேற ஆளு பேக் பண்ணா அவங்களும் தொடுவாங்க. நீ எழுதி அனுப்பு. லட்சுமம்மாவுக்கு இங்கிலீசு வராது, தமிழும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க. அதுக்கும் சேத்து யோசிச்சி எழுது."

பேசி முடித்து வரைபடத்தைத் திறந்தேன். குறிப்புகளுக்கான கட்டத்தில் இடம் நிறையவே காலியாக இருந்தது. ஒரு எண்ணெய்க் கேனை வரைந்து, அதன் மேல் தடிமனாக ஒரு குறுக்குக் கோடு போட்டேன்.